கப்பல் பயணத்தில் சொந்த ஒயினும் பானப் பேக்கேஜும்: மூன்று பெரியவர்கள் தங்கும் அறைக்கு எது பொருந்தும்?

கால்வெஸ்டன் பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் மார்ச் மாத விடுமுறையில் டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து புறப்படும் ராயல் கரீபியன் கப்பலில் ஏழு இரவுப் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். ரோவட்டான், கோஸ்டா மாயா, கோசுமெல் ஆகிய மூன்று இடங்களில் கப்பல் நிற்கும். நான், மனைவி, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, பன்னிரண்டு வயது மகள் என நால்வரும் ஒரே அறையில் தங்குகிறோம். இவர்களில் மது அருந்துபவன் நான் ஒருவன்தான். அதுவும் இரவுச் சாப்பாட்டோடு ஒன்று அல்லது இரண்டு கோப்பை ஒயின், அவ்வளவே.

எனக்கு மட்டும் பானப் பேக்கேஜ் (நாளுக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டிவிட்டு, ஒவ்வொரு பானத்துக்கும் தனியே காசு கொடுக்காமல் அருந்தும் திட்டம்) வாங்கிவிடலாம் என்று எண்ணி இணையதளத்தில் பார்த்தபோது, ஒரு நாளைக்கு 79 டாலர், அதற்கு மேல் 18 சதவீதச் சேவைக் கட்டணம் என்று காட்டியது. ஆனால் ஒரே அறையில் தங்கும், மது அருந்தும் வயதை எட்டிய அனைவரும் அதே பேக்கேஜை வாங்கியாக வேண்டும் என்ற குறிப்பும் உடன் இருந்தது. மதுவின் வாடையே பிடிக்காத எழுபது வயது அம்மாவுக்கு ஒரு வாரத்துக்கான மதுப் பேக்கேஜை வாங்க என் மனம் ஒப்பவில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. எங்கள் பத்தாவது திருமண நாளன்று டெக்சஸிலேயே உள்ள ஃபிரெடரிக்ஸ்பர்க் பக்கம் போயிருந்தபோது ஒரு டெம்ப்ரனியோ சிவப்பு ஒயின் வாங்கி வைத்தோம். அதை இந்தப் பயணத்தில் திறக்க வேண்டும் என்பது என் ஆசை. எத்தனை பாட்டில் கொண்டு போகலாம், எங்கே வைத்து அருந்தலாம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முத்துக்குளி எழுதியது:

தம்பி, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 79 டாலருக்கு 18 சதவீதம் சேர்த்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 93.22 டாலர் ஆகிறது. கப்பலில் ஒரு கோப்பை ஒயின் 13 டாலர் என்று வைத்துக்கொண்டால், அதே சேவைக் கட்டணத்தோடு 15.34 டாலர். ஆகவே நீங்கள் ஒருவர் மட்டும் பேக்கேஜ் வாங்குவதாக இருந்தாலும், தினமும் ஆறு கோப்பைக்குச் சற்று மேல் குடித்தால்தான் போட்ட பணம் ஈடாகும். மூவருக்கும் வாங்கினால் ஒரு நாளைக்கு 279.66 டாலர், ஏழு நாளுக்கு 1957.62 டாலர். குடிப்பவர் நீங்கள் ஒருவரே என்பதால், அதை ஈடுகட்டத் தினமும் பதினெட்டுக் கோப்பைக்கு மேல் குடிக்க வேண்டும். அது மனிதரால் ஆகிற காரியமன்று.

எந்தப் பேக்கேஜை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, அந்த அறையில் மிகக் குறைவாகக் குடிப்பவர் யார் என்பதைத்தான். நிறையக் குடிப்பவரை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள்தாம் கடைசி நாளில் ரசீதைப் பார்த்து வருந்துகிறார்கள். பயணத்தின் இடையில் இரண்டு நாளுக்கு மட்டும் என்று வாங்க முடியாது, எல்லா நாளுக்கும் சேர்த்தே வாங்க வேண்டும். உங்கள் பயணத்தில் மூன்று நாள் பகற்பொழுதைக் கரையில் கழிப்பீர்கள். கோசுமெல் கடற்கரைக் கடையில் நீங்கள் வாங்கும் எதற்கும் கப்பலின் பேக்கேஜ் செல்லாது. பஹாமாஸில் அந்த நிறுவனத்தின் சொந்தத் தீவான கோகோகேயில் செல்லும், ஆனால் உங்கள் வழியில் அந்தத் தீவு இல்லை.

இனி ஒயினுக்கு வருகிறேன். ராயல் கரீபியனில் மது அருந்தும் வயதை எட்டிய ஒவ்வொருவரும் 750 மில்லி அளவுள்ள ஒரு பாட்டில் ஒயினையோ ஷாம்பெயினையோ, ஏறும் நாளன்று மட்டும் கொண்டு வரலாம். வட அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் பயணங்களுக்கு அந்த வயது 21. அறைக்குள் வைத்து அருந்தினால் கட்டணம் இல்லை. உணவுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றால் கார்க்கேஜ் எனப்படும் திறப்புக் கட்டணமாகப் பாட்டிலுக்கு 15 டாலர் வாங்குவார்கள். விஸ்கி, பிராந்தி, பீர் எதற்கும் அனுமதி இல்லை. ஒரு பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பை வரும் என்பதால், அந்தக் கட்டணத்தைக் கொடுத்தாலும் கோப்பைக்கு மூன்று டாலர்தான் கூடுதலாகிறது. உங்களைப் போல இரவில் ஒன்றிரண்டு கோப்பை அருந்துபவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கார்னிவலிலும் 21 வயதானவருக்கு ஒரு பாட்டில் ஒயின்தான், ஆனால் அங்கே மதுப் பேக்கேஜ் வாங்கினாலும் 24 மணி நேரத்துக்கு 15 பானங்கள் என்ற வரம்பு உண்டு. நார்வீஜியனில் எத்தனை பாட்டில் ஒயின் வேண்டுமானாலும் கொண்டு வரலாம், ஆனால் 750 மில்லி பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 15 டாலர் கட்ட வேண்டும். டிஸ்னியில் ஏறும் நாளன்று ஆளுக்கு இரண்டு பாட்டில் ஒயின் கொண்டு வரலாம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு உங்கள் நிறுவனத்தின் பக்கத்தை மீண்டும் ஒருமுறை படித்துவிடுங்கள், ஏனென்றால் இந்த விதிகளை அவர்கள் அவ்வப்போது மாற்றுகிறார்கள்.

நெய்தல் எழுதியது:

நான் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். முத்துக்குளி ஐயாவின் கணக்கில் வரும் ஆறு என்ற எண்ணைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க அளவுப்படி ஒரு பானம் என்பது 14 கிராம் தூய ஆல்கஹால். 5 அவுன்ஸ் ஒயினிலும், 12 அவுன்ஸ் பீரிலும், ஒன்றரை அவுன்ஸ் விஸ்கியிலும் ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கிறது. 2020 முதல் 2025 வரைக்குமான அமெரிக்க உணவு வழிகாட்டி, குடிக்கும் ஆண்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டும் பெண்களுக்கு ஒன்றும்தான் மேல் எல்லை என்றது. எந்த அளவும் முற்றிலும் பாதுகாப்பானதன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. அப்படியானால் பேக்கேஜுக்குக் கொடுத்த பணத்தை ஈடுகட்டுவதற்காகவே குடிப்பவர், ஏழு நாளும் அந்த மேல் எல்லையைப் போல மூன்று மடங்கு குடிக்கிறார். பணம் முன்கூட்டியே போய்விட்டது என்ற ஒரே காரணத்துக்காக உடம்பை வருத்துவது எனக்கு மிகவும் வேதனை தருகிறது.

கடலில் குமட்டல் வராமலிருக்க நம்மவர்கள் மெக்ளிசின், டிராமமின் போன்ற மாத்திரைகளைப் பையில் வைத்திருப்பார்கள். அவற்றோடு மது சேர்ந்தால் தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் கூடும், கப்பலின் ஆட்டத்தில் படி இறங்குகிறவருக்கு அது ஆபத்து. சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்பவர்கள் அளவு மீறிக் குடித்தால், அரிதாகவேனும் லாக்டிக் அமிலம் இரத்தத்தில் தேங்கும் அபாயம் உண்டு. நாற்பது வயதைத் தாண்டிய நம் மக்களில் இந்த மாத்திரையை எடுத்துக்கொள்பவர்கள் பலர் இருப்பதால்தான் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

காவேரிக்கரை எழுதியது:

மேலே சொன்னவற்றை மதிக்கிறேன், ஆனாலும் பேக்கேஜ் எப்போதும் நட்டம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவர் மட்டுமே போனோம், இருவரும் அளவாக அருந்துபவர்கள். சலுகை விலையில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 68 டாலருக்குக் கிடைத்தது. காலையிலும் மதியத்திலும் எஸ்பிரசோ வகைக் காபி இரண்டு, அது 10 டாலர். இரண்டு பாட்டில் தண்ணீர் 7 டாலர், காக்டெயில் மூன்று 42 டாலர், நீச்சல் குளத்தருகே ஒரு பீர் 9 டாலர். கூட்டினால் 68 டாலர் வந்துவிடுகிறது. சேவைக் கட்டணம் இருபுறமும் ஒன்றுதான் என்பதால் அதை விட்டுவிடலாம். ஒவ்வொரு முறையும் விலைப்பட்டியலைப் பார்த்துத் தயங்காமல் இருந்தது எங்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

முத்துக்குளி எழுதியது:

நண்பரே, உங்கள் கணக்கு சரியே. இருவரும் அருந்துபவர்கள், நடுவில் கரை தொடாத கடல் நாட்கள் மிகுதி, விலையும் சலுகை விலை என்றால் பேக்கேஜ் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சரிக்குச் சரியாக நின்றதே தவிர மிச்சம் எதுவும் ஆகவில்லை என்பதையும் கவனியுங்கள். கரைக்கு இறங்கும் நாளில் மதியக் காபியும் குளத்தருகே குடிக்கும் பீரும் இல்லாமற் போனால் அந்த நாள் நட்டம்தான். தண்ணீருக்குத் தனியே காசு கொடுக்கத் தேவையில்லை. பஃபே உணவுக்கூடத்தில் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, ஐஸ் டீ, சாதாரணக் காபி, தேநீர் யாவும் பயணக் கட்டணத்திலேயே அடங்கும்.

தம்பி கால்வெஸ்டன் பயணிக்கு இரண்டு வழிகளைச் சொல்ல மறந்துவிட்டேன். மது அருந்தாதவர் ஒருவர் அறையில் இருந்தால், தொலைபேசியில் அழைத்து மருத்துவக் காரணத்தையோ சமயக் காரணத்தையோ எடுத்துச் சொல்ல, அவருக்கு மட்டும் மது இல்லாத பானப் பேக்கேஜைக் கொடுத்து இணங்கிய நிகழ்வுகள் உண்டு. எங்கள் வீட்டில் ஒருமுறை அப்படி நடந்தது. ஆனால் அது எதிரே பேசுபவரின் மனத்தைப் பொறுத்தது, உரிமையாகக் கேட்க முடியாது. மற்றொன்று, அம்மாவும் மகளும் ஓர் அறை, நீங்கள் இருவர் ஓர் அறை எனப் பிரித்துப் பதிவு செய்வது. பேக்கேஜ் விதி அறையை வைத்துத்தான் பார்க்கப்படுகிறது. அம்மாவுக்கும் கால் நீட்டிப் படுக்க இடம் கிடைக்கும்.

கால்வெஸ்டன் பயணி எழுதியது:

ஐயா, அக்கா, அனைவருக்கும் மிக்க நன்றி. பேக்கேஜ் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும் மீதி. பெரியவர்கள் மூவர் என்பதால் விதிப்படி மூன்று பாட்டில் கொண்டு போகலாம் அல்லவா? அப்படியானால் அம்மாவின் பெயரிலும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா?

நெய்தல் எழுதியது:

விதி அனுமதிக்கலாம், ஆனாலும் வேண்டாம் தம்பி. பாதுகாப்புச் சோதனையில் பையை ஊடுகதிரில் பார்த்துவிட்டு, இது யாருடையது என்று கேட்பார்கள். அந்த வரிசையில் நின்று அம்மா பதில் சொல்ல நேர்ந்தால் அவர்கள் மனம் எவ்வளவு சங்கடப்படும் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து கோப்பை ஒயினுக்காக அவர்களை அந்த நிலையில் நிறுத்த வேண்டாம்.

திராட்சைக்கொடி எழுதியது:

டல்லாஸில் ஓர் உணவகத்தில் ஒயின் பிரிவைக் கவனித்து வருகிறேன், ஆகவே பாட்டிலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டெக்சஸ் டெம்ப்ரனியோவைத் தேர்ந்தெடுத்திருப்பதில் எனக்கு மிக்க மகிழ்ச்சி. வாங்கியது ஃபிரெடரிக்ஸ்பர்க்காக இருந்தாலும், அந்தப் பழம் பெரும்பாலும் வடமேற்கே லப்பக் நகரைச் சுற்றியுள்ள உயர் சமவெளியில் விளைந்ததாகவே இருக்கும், மாநிலத்தின் ஒயின் திராட்சையில் மிகப் பெரும் பகுதி அங்கேதான் பயிராகிறது. சில ஆண்டுகள் வைத்திருந்த பாட்டிலில் வண்டல் படிந்திருக்கும். காரில் வந்து கப்பலில் ஏறிய அன்றிரவே அதைத் திறக்காதீர்கள். அறையில் இரண்டு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டு மூன்றாம் இரவு திறந்தால் வண்டல் அடியில் தங்கிவிடும்.

அறையிலுள்ள சிறு குளிர்பெட்டி வெள்ளை ஒயினுக்கு வேண்டிய குளிரைத் தராது, அறைப் பணியாளரிடம் ஒரு வாளி ஐஸ் கேளுங்கள். ஒரே மூச்சில் ஒரு பாட்டிலை முடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. உணவுக்கூடத்தில் மீதியைத் திரும்ப மூடி, அறை எண்ணை எழுதி வைத்து, மறுநாள் மேசைக்குக் கொண்டு வருவார்கள். பதினைந்து டாலர் கொடுக்கிறோமே, எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: நல்ல கோப்பையும், திறந்து ஊற்றும் கையும், பத்திரப்படுத்தும் இடமும் அந்தக் கட்டணத்தில் அடங்குகின்றன.

இரண்டாவது பாட்டிலாக எதை எடுக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் சொல்கிறேன். அந்தக் கப்பலின் உணவுக்கூடத்தில் இந்தியச் சைவ உணவும் கிடைக்கும். காரமான குழம்போடு ஆல்கஹால் மிகுந்த சிவப்பு ஒயினை அருந்தினால் நாக்கில் எரிச்சல் கூடும். சற்றே இனிப்புள்ள ஜெர்மனியின் வெள்ளை ஒயினான மோசல் ரீஸ்லிங் அந்த எரிச்சலைத் தணிக்கும், ஆல்கஹாலும் குறைவு. திருகு மூடி போட்டதாக வாங்கினால் திறப்பானைத் தேடி அலைய வேண்டாம்.

வைகைவாசி எழுதியது:

ஒயினை எந்தப் பையில் வைப்பது என்பதை யாரும் சொல்லவில்லையே. பெட்டியில் வைக்காதீர்கள், கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள். நான் பட்ட பாட்டை மற்றவர்கள் படக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வேட்டியில் சுற்றிய ஒரு பாட்டிலைப் பெரிய பெட்டியின் நடுவில் வைத்து, துறைமுக வாசலில் சுமை எடுப்பவரிடம் கொடுத்துவிட்டேன். இரவு எட்டரை மணி வரை பெட்டி அறைக்கு வரவில்லை. கீழ்த்தளத்தில் ஒரு சிறிய அறைக்கு வரச் சொன்னார்கள். அங்கே சுவரோரம் இருபது முப்பது பெட்டிகள் வரிசையாக நின்றன, என் பெட்டியின் கீழ்த் தையலில் கருஞ்சிவப்பாக ஈரம் கசிந்திருந்தது. அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு திறந்தார். பாட்டிலின் கழுத்து தனியே உடைந்து கிடந்தது, வேட்டி முழுதும் நனைந்து, அடியில் மனைவியின் பட்டுச் சேலையின் கரை வரை சாயம் இறங்கியிருந்தது. எனக்கு முன்னால் நின்ற இளைஞர் வாய் கொப்பளிக்கும் மருந்துப் பாட்டிலில் வோட்காவை நிரப்பிக் கொண்டு வந்திருந்தார். அதிகாரி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தொட்டியில் கொட்டினார். விதிக்கு உட்பட்ட என் பாட்டிலும் விதியை மீறிய அவர் பாட்டிலும் ஒரே தொட்டியில் போயின.

விமானத்தில் வந்து கப்பல் ஏறுபவர்களுக்கு ஒரு குறிப்பு. விமானக் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்பதால் ஒயினைப் பெட்டியில்தான் போட வேண்டும். 24 சதவீதத்துக்கு மிகாத ஆல்கஹால் உள்ள பானத்துக்கு அமெரிக்க விமானங்களில் பாதுகாப்பு விதிப்படி அளவுக் கட்டுப்பாடு இல்லை. விமானத்தை விட்டு இறங்கியதும், துறைமுகத்துக்குப் போகும் முன், அதைக் கைப்பைக்கு மாற்றிவிடுங்கள்.

சிங்கைக்கரை எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து ஒரு சிறு குறிப்பு. ஆசியாவிலிருந்து புறப்படும் இதே நிறுவனத்தின் பயணங்களில் மது அருந்தும் வயது 18. ஆகவே பத்தொன்பது வயது மகனோ மகளோ உங்கள் அறையில் இருந்தால், அவர்களும் பெரியவர்களாகவே கணக்கில் வருவார்கள். ஃப்ளோரிடாவிலோ டெக்சஸிலோ இல்லாத இந்தச் சிக்கல் மரீனா பே துறைமுகத்தில் வரும். இங்கே இளைஞர்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையிலிருக்கும் மகனை அழைத்துப் போகும் பெற்றோர் பதிவு செய்யும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கால்வெஸ்டன் பயணி எழுதியது:

பயணம் முடிந்து நேற்றுத் திரும்பினோம். இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றியாக, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அம்மாவுக்கும் மகளுக்கும் பக்கத்து அறை எடுத்தோம். பேக்கேஜ் வாங்கவில்லை. மனைவியின் கைப்பையில் ரீஸ்லிங்கும் என் கைப்பையில் டெம்ப்ரனியோவும் இருந்தன. சோதனையில் ஒயினா என்று மட்டும் கேட்டு உடனே விட்டுவிட்டார்கள். ரீஸ்லிங்கை அறை மாடத்தில் உட்கார்ந்து மூன்று மாலைகளில் முடித்தேன். டெம்ப்ரனியோவை மூன்றாம் இரவு உணவுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றேன். பரிமாறியவர் தக்கையை மெல்லத் திருகி எடுத்து, அதன் அடியில் படிந்திருந்த ஊதா நிறப் படிகங்களை எனக்குக் காட்டி, நன்றாக வைத்திருந்திருக்கிறீர்கள் என்றார். கடைசிக் கோப்பையளவு கலங்கலைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டார். மனைவி அரை வாய் சுவைத்துப் பார்த்தார். மீதியை அறை எண் எழுதிய சீட்டோடு வைத்திருந்து மறுநாள் கொண்டு வந்தார்கள்.

செலவுக் கணக்கு இது. ஏழு நாளில் கப்பலில் நான் வாங்கிய ஒயின் பதினொரு கோப்பை, 168.74 டாலர். திறப்புக் கட்டணம் 15 டாலர். மனைவிக்கும் எனக்குமாக ஆறு காபி, சேவைக் கட்டணத்தோடு 35.40 டாலர். மொத்தம் 219.14 டாலர். மூவருக்கும் பேக்கேஜ் வாங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய 1957.62 டாலரில் மிச்சமானதில் பெரும்பகுதி, அம்மாவின் அறைக்குப் போனது. அந்த அறைக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி எனக்குத் துளியும் வருத்தமில்லை. அம்மா தினமும் விடியற்காலையில் பேத்தியை எழுப்பி, இருவருமாக மேல்தளத்தில் சூரியன் எழுவதைப் பார்த்து வந்தார்கள்.

இனிப் போகிறவர்களுக்காக ஒன்று. கோசுமெலில் ஒரு பாட்டில் டெக்கிலா வாங்கினேன். கப்பலில் ஏறும்போதே அதை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள், கடைசி இரவுதான் அறைக்கு வந்தது. கூட்டரசுச் சுங்கத்தில் 21 வயதானவருக்கு ஒரு லிட்டர் வரை தீர்வை இல்லை என்பதால் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் கால்வெஸ்டனில் இறங்கும் வழியில் டெக்சஸ் மது ஆணையத்தின் முகப்பு ஒன்று தனியே இருக்கிறது. சுங்கத் தீர்வை இல்லாத பாட்டிலுக்கும் மாநில வரியை அங்கே கட்டிய பிறகுதான் வெளியே வர வேண்டும். பாட்டில் பெட்டிக்குள் இருந்தால் அந்த இடத்தில் திறக்க வேண்டியிருக்கும், ஆகையால் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.